எர்த்

ஐந்தரை மணி. மொகொட்லோங் ஸ்டாண்டில்
முழங்கால் வரை பனி.
சாவியைத் திருப்பினேன்.
டக்.
இன்னொரு முறை. டக்.
நாக்கை மேலண்ணத்தில் தட்டி
‘ம்ஹூம்’ என்பதுபோல் ஒரு டக்,
அவ்வளவுதான் என் ஹைஏஸ்.

உள்ளே பதினான்கு பேர். போர்வைக்கு வெளியே
மூக்கு மட்டும்.
பதினான்கு பேரும் டாக்டர்கள்.
பேட்டரி, என்றார் கழுதைத் தரகர் மொலெஃபி.
பெட்ரோல் உறைந்துவிட்டது என்றாள்
சர்ச் உடுப்பிலிருந்த ஒருத்தி.
ஸ்டார்ட்டர் போச்சு, மூவாயிரம் மலோட்டி, என்று
தன் பையிலிருந்து போவதுபோல்
பெருமூச்சு விட்டார் பின்சீட்டு வாத்தியார்.
“மாநெயோ, உன் புருஷன் எங்கே?”
நெயோவின் அம்மா; இங்கே என் பெயர் அதுதான்.
வெல்கோம் சுரங்கத்துக்குப் போனவன்
மூன்று வருஷமாய் அங்கேயும் இல்லையாம்.
அந்தப் பழுதைப் பார்க்க இப்போது நேரமில்லை.

ஹெட்லைட்டைப் போட்டேன்.
எதிர்த்த மாவுக்கடைச் சுவரில்
விலைப்பட்டியல் படிக்கலாம், அவ்வளவு வெளிச்சம்.
சாவியைத் திருப்பும்போதும் அது கண் சிமிட்டவில்லை.
பேட்டரிக்கு ஒன்றுமில்லை.
உயிர் இருக்கிறது, போய்ச் சேரவில்லை.

எல்லோரும் இறங்குங்கள்.
சீட்டைத் தூக்கினால்தான் இன்ஜின்.
முனகல், தும்மல், யாரோ என் பிறப்பைப் பற்றி ஏதோ.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தேன்.
ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த வயர் இறுக்கமாக இருந்தது.
ஸ்பானரால் ஒரு தட்டு. பலனில்லை.
கன்டக்டர் காபெலோவிடம், திருப்பு என்றேன்.
விடாதே, அப்படியே பிடி.
பனியில் கால் வழுக்கி
கைக்கு அகப்பட்ட ஆக்சிலரேட்டர் கேபிளைப் பற்றினேன்.

சுட்டது.

இரும்பெல்லாம் விரலைக் கடிக்கும் காலையில்
ஒரே ஒரு கம்பிக்கு மட்டும்
குழந்தையின் நெற்றிபோலக் காய்ச்சல்.

பெடல் சொல்வதை கார்புரேட்டரிடம் சொல்வது அதன் வேலை.
கரண்டுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.
ஆனால் வந்த கரண்ட் திரும்பிப் போக வேண்டும்.
வழி அடைபட்டால்
கிடைத்த கையைப் பிடித்துக்கொள்ளும்.

மல்லாந்து வண்டிக்கடியில் ஊர்ந்தேன்.
இன்ஜினையும் சேஸிஸையும் சேர்க்கும் எர்த் பட்டை
பச்சைப் பூசணம் பூத்து, பின்னல் அவிழ்ந்து
இரண்டே இழையில் தொங்கிக்கொண்டிருந்தது.
பார்க்கிறவர்களுக்கு இருக்கிறது என்றுதான் தோன்றும்.

இன்னும் நாலு தடவை திருப்பியிருந்தால்
மேலே அந்த மெல்லிய கம்பி உருகியிருக்கும்.
உருகிய பிறகு அதைத்தான் பழுது என்பார்கள்.

டூல் பெட்டியில் பழைய பேட்டரி வயர் ஒரு முழம்.
வெள்ளை இரும்பு தெரியும்வரை துருவைச் சுரண்டி
ஒரு முனை இன்ஜினுக்கு, மறு முனை சேஸிஸுக்கு,
போல்ட் போட்டு முறுக்கினேன்.
விரல்கள் யாருடையவோ போலிருந்தன.
“திருப்பு.”
இருமியது. காறித் துப்பியது. பிடித்துக்கொண்டது.

“பேட்டரிதான். குளிருக்குப் படுத்திருந்தது,
இப்போ எழுந்துடுச்சு,” என்றார் மொலெஃபி.
ஏறுங்கள் ஐயா.

கியர் போடுமுன் போனை எடுத்தேன்.
நெயோ மசேருவில் ஜீன்ஸ் தைக்கிறாள். வயது பத்தொன்பது.
வண்டித் தவணை, தம்பியின் ஃபீஸ், மாவு மூட்டை,
மூன்று வருஷமாக எல்லாம் அவள் வழியாகத்தான்.
இந்த மாதம் அனுப்பாதே என்று தட்டினேன்.
ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?
அதுவரை யோசிக்கவில்லை.

பதில் முதல் வளைவுக்கு முன்னால் வந்தது:
ஷிஃப்ட்டுக்கு உள்ளே போறேன். வண்டி ஸ்டார்ட் ஆச்சா?

ஸ்டியரிங்கைப் பிடித்த உள்ளங்கையில்
கேபிள் போட்ட கோடு
இன்னும் சிவப்பாக.